கொழுந்து பறித்த கைக்கு என்ன குறியீடு?

தொழில்சார் புனர்வாழ்வு மதிப்பீட்டுக்கென மென்பொருளைத் தெரிவு செய்கிறவர்களுக்கும், அதை எழுதுகிறவர்களுக்கும், அதன் விடையில் கையொப்பம் இடப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். வேலையில் காயப்பட்டவர்களுக்குப் பதினான்கு வருடங்களாகப் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். டிஸ்பென்சரித் துண்டு, வைத்தியசாலை அட்டை, செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஊசி குத்திக் கொடுப்பது என் வேலை. சென்ற வருடம் அந்த வரிசையில் என் அம்மாவின் படிவமும் வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்த மடல்.

2025 ஜூன் மாத மழையில், கொழுந்துச் சாக்கோடு, அதை நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய விதம் சரியில்லை. மூன்று விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அம்மாவுக்கு வயது 51. அதில் 27 வருடங்கள் மலையில் கழிந்தவை.

காயம் ஆறிய பிறகு, அவர் வேறு என்ன வேலை செய்யலாம் என்று பார்ப்பதற்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வரவில்லை. அது இந்த மடலுக்குத் தேவையும் இல்லை. வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை அங்கே பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் திரையில் வந்தன. அமர்ந்திருந்த இளம் உத்தியோகத்தர் அவற்றைச் சிங்களத்தில் யோசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். பொறுமையானவர். அம்மாவின் நாற்காலியை வெயில் படாத பக்கம் அவரே நகர்த்திப் போட்டார். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

முன்பு செய்த தொழில் எது என்ற கேள்வி வந்தது. பட்டியலில் கொழுந்து பறிப்பவர் இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துவது பண்ணைக் கூலியாள். அதைத் தெரிவு செய்ததும், பக்கத்தில் தானாகவே ‘பயிற்சி தேவையற்ற தொழில்’ என்று விழுந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் திறமையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் உட்காரலாம், விரல் எவ்வளவு மடங்கும் என்பதோடு முடிந்தது.

மூன்று வேலைகள் அச்சாகி வந்தன: வாகனத் தரிப்பிடத்தில் டிக்கெட் கொடுப்பவர், தொலைபேசியில் கருத்துக் கேட்பவர், சிறு பொருள்களைத் தரம் பிரிப்பவர். அடியில், மாதத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற தொகை.

அம்மா தாளை வாங்கி என்னிடம் தந்து, நான் வாசித்ததைக் கேட்டார். பிறகு அந்த உத்தியோகத்தரைப் பார்த்து, “மிஸ், இந்த வேலையெல்லாம் எந்த ஊரில் இருக்கிறது?” என்றார்.

அவர் திரையில் மேலும் கீழும் தேடினார். அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

வீடு திரும்பிய பிறகு பல இரவுகள் இந்த முறை எப்படி இயங்குகிறது என்று தேடிப் படித்தேன். படித்ததில் உங்களுக்குத் தெரிந்தவையும் இருக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வகை மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம் அமெரிக்கத் தொழில் திணைக்களம் தொகுத்த தொழிற்பெயர் அகராதி. முதற்பதிப்பு 1938இல் வந்தது. நான்காம் பதிப்பு 1977இல் வெளியாகி 1991இல் திருத்தப்பட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, கற்றுக்கொள்ள எடுக்கும் காலம், தேவையான உடல்வலு. 10 இறாத்தல் வரை தூக்குவது உட்கார்ந்த வேலை, 20 வரை இலகுவானது, 50 வரை நடுத்தரமானது, 100 வரை கடினமானது. ஏறுவதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘இல்லை, எப்போதாவது, அடிக்கடி, இடைவிடாமல்’ என்ற நான்கில் ஒன்றைத்தான் குறிக்கலாம். முதுகில் ஈரக் கொழுந்து, இடுப்பில் நனைந்த படங்கு, காலடியில் அட்டை, கைப்பிடிக்க ஒரு செடி மட்டுமே உள்ள சரிவு: இவை அந்த நான்கு சொல்லில் எதற்குள் போகும்?

ஆளின் பழைய தொழிலையும் எஞ்சியிருக்கும் உடல்வலுவையும் கொடுத்தால், பழைய திறமையை எந்தெந்த வேலைக்குக் கொண்டுபோகலாம் என்று மென்பொருள் தேடித் தரும். நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு விதிகளில், பயிற்சி தேவையற்றது என்று வகுக்கப்பட்ட வேலையிலிருந்து கொண்டுபோகத்தக்க திறமை எதுவும் பிறப்பதில்லை. அம்மாவிடம் கேள்வி ஏன் நின்றுபோனது என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த ஒரு கட்டத்தில் விழுந்த ஒரு சொல், 27 வருடத்தின்மீது கதவை மூடிவிட்டது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டைப் பார்த்தேன். அங்கும் வேளாண்மைக் கூலி உழைப்பாளர் கடைசி வரிசையில், ஒன்பதாம் பெருந்தொகுதியில்தான் இருக்கிறார்கள்.

மூடிய அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஈரிலையும் மொட்டும் பறிப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்பதற்கு எளிது. இரண்டு கையும் தனித்தனியாக ஓட, கண் கைக்கு முன்னால் அடுத்த செடியில் இருக்க வேண்டும். முற்றிய இலை எது, இந்தச் சுற்றில் விட்டு அடுத்த சுற்றுக்கு வைக்க வேண்டிய தளிர் எது, செடியின் மட்டம் எங்கே உயர்கிறது என்பதைக் கண் சொல்ல, கை நிற்காமல் போகும். கை நின்றால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். முதுகில் தொங்கும் பாரத்தை வைத்தே எத்தனை கிலோ என்று அம்மா சொல்லிவிடுவார். மடுவத்தில் தராசு காட்டுவது அதிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் விலகினால் கணக்கப்பிள்ளையிடம் நின்று கேட்பார். அவருக்காக மட்டும் கேட்பதில்லை, பின்னால் நிற்கும் பெண்களுக்காகவும் கேட்பார். இலையில் கொப்புள நோய் வெள்ளையாகத் தெரிவதற்கு முன்னரே, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து மங்கிய புள்ளியைக் காட்டுவார். குளவிக்கூடு இருக்கும் மரத்தைக் கண்டு துணி கட்டி, புதிதாக வந்த பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் பார்ப்பார். எங்கள் டிவிசனின் மரண உதவிச் சங்கத்துக்கு ஒன்பது வருடம் பொருளாளராக இருந்தார். அந்தக் கொப்பியில் ஒரு ரூபா பிழைத்ததில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயா வராத நாள்களில் அந்தப் பொறுப்பும் அவரிடம் வரும்.

இதில் எந்த ஒன்றையும் அந்தத் திரை கேட்கவில்லை. உள்ளே போடாததை இயந்திரம் எப்படி வெளியே எடுக்கும்?

இன்று அம்மா வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊரில் ஒரு மரக்கறித் தோட்டக்காரரின் நாற்றுக்கூடத்தில் வேலை செய்கிறார். தட்டுத் தட்டாகப் பார்த்து, நோய் பட்ட நாற்றை இடது கையால் பிரித்தெடுப்பது அவர் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், வேறு எவருக்கும் தெரியாத அழுகலை ஒரு வரிசை முழுவதிலும் கண்டுபிடித்தார். கொப்புள நோய் பார்த்த கண் அது. திறமையைப் புதிய வேலைக்குக் கொண்டுபோவது என்று உங்கள் நூல்கள் எதைச் சொல்கின்றனவோ, அதேதான். இந்த வேலையை மென்பொருள் தேடித் தரவில்லை, நானும் தேடித் தரவில்லை. மடுவத்து வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற தோழி ஒருவர் சொல்லி அனுப்பினார்.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. எங்களைப் போன்றவர்களின் பழக்கதோஷத்தையும் நான் அறிவேன். கால் இழந்த இளைஞன் வந்தால் தையல் என்று எழுதுவோம். பார்வை குறைந்தவர் வந்தால் தும்புத்தடி. வேறொன்றும் தோன்றாவிட்டால் மெழுகுவர்த்தி. நானும் எழுதியிருக்கிறேன், அதை நினைத்து வருந்துகிறேன். எனக்குத் தெரிந்த வேலைகள் ஐம்பது இருக்கலாம். ஆயிரம் வேலைகளைத் தெரிந்த ஒரு கருவி என் பக்கத்தில் இருந்தால் அந்த இளைஞனுக்கு வேறொரு வழி திறந்திருக்கும். அதனால்தான் அது இங்குள்ள ஆயிரம் வேலைகளைத் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பழைய பட்டியலை நம்பினால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவே காட்டியிருக்கிறது. கொட்டைகளைத் தரம் பிரிப்பவர், மர ஆணி பரிசோதகர், முட்டை பதப்படுத்துபவர் போன்ற பெயர்கள் அந்த அகராதியில் அப்படியே கிடந்தன. இத்தகைய வேலைகளைச் செய்யலாமே என்று காரணம் காட்டி வலுவிழந்தோரின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. கடைசியில் 2024 ஜூன் மாதம் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், 114 தொழில்களை இனி அவ்வாறு பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. அதைப் படித்தபோது அம்மாவின் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன். ‘சிறு பொருள்களைத் தரம் பிரிப்பவர்’ என்ற வரி அதில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது கழித்தல் கணக்கு. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இவ்வகை முறைகளில் சம்பாதிக்கும் ஆற்றலின் இழப்பு என்பது, காயத்துக்கு முன் சம்பாதித்ததிலிருந்து இனிச் சம்பாதிக்கக்கூடியதைக் கழித்து வருவது. அம்மா விழுந்த காலத்தில், 2024 செப்டெம்பரில் நிர்ணயித்தபடி, தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. மழையாலும் கொழுந்துக் குறைவாலும் அம்மாவுக்கு அந்த மாதங்களில் கிடைத்தது 15 பேர், அதாவது 15 நாள் வேலை. 15 நாளுக்கு 20,250 ரூபா. 2025 ஏப்ரல் முதல் அந்த வருட முடிவுவரை நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. தாளில் உள்ள மூன்று வேலைகளில் எதற்கும் அப்போது அந்தத் தொகையையாவது போட்டாக வேண்டியிருந்தது. கழித்துப் பாருங்கள். அம்மாவுக்கு இழப்பு எதுவும் இல்லை. கை உடைந்ததால் 6,750 ரூபா கூடுதலாகச் சம்பாதிக்கக்கூடியவராகிவிட்டார்!

அதே அம்மா அதே மணிக்கட்டை 25 பேர் கிடைத்த மாதங்களில் முறித்திருந்தால் முன்வருமானம் 33,750. அப்போது இழப்பு 6,750, அதாவது 20 சதவீதம். முறிந்த எலும்பு ஒன்றே, மடங்காத விரல்களும் அதே மூன்று. மாறியது தோட்ட நிர்வாகம் எத்தனை நாள் வேலை கொடுத்தது என்பது மட்டும்.

குறைந்த கூலிக்கு உழைத்தவரின் காயத்தைக் கூலியை வைத்தே அளந்தால் காயம் காணாமற்போகும். பல தலைமுறை மிகக் குறைந்த கூலியில் வைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் நடுவே இந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். அம்மாவின் வீட்டுப் பின்புறத்து லீக்ஸ் பாத்தியும் ஒரு பசுமாடும் செக்ரோலில் ஏறாத வருமானம். வலது கை போனபின் பால் கறப்பதும் போயிற்று. அதையும் எவரும் கேட்கவில்லை.

நெதர்லாந்து இந்தக் கருவியை நீண்டகாலமாகப் பயன்படுத்தி வரும் நாடு. அங்குள்ள முறைமையின் பெயர் சிபிபிஎஸ். ஆய்வாளர்கள் வேலைத்தளங்களுக்கு நேரில் போய், அங்கே உண்மையில் என்ன தூக்குகிறார்கள், எவ்வளவு குனிகிறார்கள் என்று பார்த்துப் பதிகிறார்கள். குறைந்தது மூன்று வகைத் தொழில், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று வேலையிடம் கிடைத்தால்தான் கணக்குப் போடலாம். சம்பளத்தில் நடுவில் நிற்கும் தொழிலை எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நாட்டுக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது இதில் நிறைய இருக்கிறது. ஆனாலும் 2004 நவம்பர் மாதம் அந்நாட்டின் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முறைமையையே நிறுத்திக் கேள்வி கேட்டது. விடை எப்படி வந்தது என்பதைப் பாதிக்கப்பட்டவர் பார்க்கவும் சரிபார்க்கவும் முடியாதபடி இருக்கிறது, திருத்துங்கள் என்றது. அங்கும் இழப்பு 35 சதவீதத்தைத் தொடாவிட்டால் உதவித்தொகை இல்லை. தாளில் வரும் வேலையில் வெற்றிடம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குறைந்த சம்பளக்காரர் அந்த எல்லையைத் தொடுவது கடினம் என்ற முறைப்பாடு அங்கேயும் உண்டு. அது சமதரையான சிறிய நாடு. ரயிலேறினால் எங்கும் போய்விடலாம். எங்கள் டிவிசனிலிருந்து தார் வீதிக்கு நடந்து வர நல்ல காலுக்கே நாற்பது நிமிடம். மாலை ஐந்தரைக்குப் பிறகு பஸ் இல்லை. எட்டு மணிக்கு முடியும் வேலை எங்களுக்கு வேலையே இல்லை.

எங்கள் சட்டத்துக்கு வருகிறேன். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினுடையது. நிரந்தரப் பகுதி வலுவிழப்பை, விபத்து நேர்ந்த வேளையில் அந்த ஆள் செய்யக்கூடியவராக இருந்த ஒவ்வொரு தொழிலிலும் சம்பாதிக்கும் ஆற்றல் குறைவதாக அது வரையறுக்கிறது. ‘ஒவ்வொரு தொழில்’ என்ற அந்தச் சொல்லுக்குள் எவற்றைப் போடுவது என்பதை இதுவரை மனிதர்கள் முடிவுசெய்தார்கள். பிழையாகச் செய்தபோது எதிரே நின்று வாதாடலாம். நாளைக்கு அந்தச் சொல்லை ஒரு மென்பொருளின் பட்டியல் நிரப்பினால், அந்தப் பட்டியலோடு யார் வாதாடுவது?

இதனால் உங்களிடம் முதலாவதாகக் கேட்பது, இரண்டு நோக்கங்களையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம் என்பது. புனர்வாழ்வுக்காகக் கேட்கும்போது, பட்டியல் எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நல்லது. அது அம்மாவுக்கு வழி காட்டுகிறது. நட்டஈட்டுக்காகக் கேட்கும்போது அதே நீளம் அவர் கையிலிருந்து பணத்தைப் பறிக்கிறது. “உங்களால் என்னவெல்லாம் முடியும்?” என்று அன்பாகக் கேட்டு வாங்கிய பதிலை, பிறகு வேறொரு கோப்பில் அவருக்கு எதிராக வைத்தால், அடுத்த முறை எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எங்கள் லயத்தில் இப்போதே அப்படித்தான் பேசுகிறார்கள். முடியும் என்று சொல்லாதே, காசு வெட்டிவிடுவார்கள் என்கிறார்கள். இந்த அச்சம் ஊன்றிவிட்டால் எவ்வளவு நல்ல மென்பொருளும் வீண்.

நட்டஈட்டுக்கு ஒரு வேலையைக் கணக்கில் எடுப்பதானால், காயப்பட்டவர் தன் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில், அவர் பேசும் மொழியில், உண்மையில் ஆள் எடுக்கும் வேலையாக அது இருக்கட்டும். இடமே சொல்லாத வேலையைச் சேர்க்காதீர்கள். முன்வருமானத்தைப் பார்க்கும்போது, கொடுக்கப்படாத வேலைநாள்களின் சுமையைத் தொழிலாளியின் தலையில் ஏற்றாதீர்கள்.

தொழிற்பெயர்ப் பட்டியலை இங்கே வந்து எழுதுங்கள். கொழுந்து பறித்தல், கவாத்து வெட்டுதல், மருந்தடித்தல், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை வாட்டுதல், ரோதை இயந்திரத்தில் நிற்பது, தரம் பிரித்தல் எல்லாம் தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றும் தனித்தனித் திறமை. கேட்பவர் தமிழில் கேட்கட்டும், பதில் தமிழிலேயே பதியப்படட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. இதற்கு மேல் அதைப் பற்றி நான் வாதாடத் தேவையில்லை. அப்படிப் பதிந்த திறமை அந்தத் தாளோடு நின்றுவிடவும் கூடாது. தேசிய தொழிற்றகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறைக்குப் போகாமல் வேலையில் கற்றதற்கும் சான்றிதழ் பெறலாம். நாற்றில் நோய் கண்டுபிடிக்கும் என் அம்மாவுக்கு அந்த வழியை எவரும் சொல்லவில்லை. உங்கள் மென்பொருளால் சொல்ல முடிந்தால், நான் முதல் ஆளாக நின்று நன்றி சொல்வேன்.

விடை வந்த காரணமும் வேண்டும். எந்தப் பதிலால் எந்த வேலை பட்டியலுக்கு வந்தது, எது விடுபட்டது, தொகை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது ஒரு பக்கத்தில் தமிழில் இருக்கட்டும். அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தன்னியக்க முறையில் மட்டும் எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். காரணம் தெரியாதவர் எதை மறுபரிசீலனை செய்யச் சொல்வார்?

உங்களில் சிலராவது நேரில் வர வேண்டும் என்று கேட்கிறேன். ஆள் எண்ணி வேலை பிரிக்கும் காலைப் பிரட்டுக்கு வந்தால் நல்லது. அது முடியாவிட்டால் பகல் நிறுவைக்கு வாருங்கள். ஒரு கூடையை மாட்டிக்கொண்டு ஒரு வரிசை ஏறிப் பாருங்கள். அந்த உத்தியோகத்தரையும் கூட்டி வாருங்கள், அம்மா அவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார். கொழுந்து பறித்தல் என்ற தொழிலுக்கு உங்கள் கட்டங்களில் என்ன எழுத வேண்டும் என்பதை நாங்கள் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். மடுவத்துப் பெண்கள் பதினோரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் வசதி. திங்கள், புதன், வெள்ளி அம்மா நாற்றுக்கூடத்தில் இருப்பார், சனிக்கிழமை கைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தியசாலைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகள்,
ஹட்டன்